பரமு அண்ணனின் வேனில் ஆறு நாள்

பினாங்கு விமான நிலையத்தில் இறங்கி, பெட்டியின் எடை குறைந்தது போல் இருக்கிறதே என்று திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் அடுக்கி வைத்திருந்த முந்நூறு மூக்குக் கண்ணாடிகளில் இருநூற்றுப் பத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் பொன்னாடைகள் இருந்தன. பொன்னாடைகளுக்கு நடுவே, உடையாமல் இருக்கப் பழைய செய்தித்தாள் சுற்றி, பன்னிரண்டு கேடயங்கள்.

"எடை கூடிப் போச்சு மேடம், அதான் நேத்து எங்க வீட்ல வச்சு கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணினேன். உங்க கண்ணாடியெல்லாம் என் கட்டில் மேல பத்திரமா இருக்கு. அங்க இருக்கறவங்களை நாம கௌரவிக்க வேண்டாமா?" என்றார் கிருபாகரன் சார்.

திருச்சி உறையூரில் எனக்கு ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது. கண் பரிசோதனைக்குப் படித்தவள். இருபது வருஷமாக ஊர்க்காரர்களின் கண்ணுக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறேன். கிருபாகரன் சார் ஓய்வுபெற்ற அதிகாரி, எங்கள் பகுதிச் சேவை மன்றத்தின் தலைவர். மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டம் ஒன்றில் இலவசக் கண் முகாம், ஆறு நாள் சேவைப் பயணம் என்று அவர் சொன்னதை நம்பி, கடைக்கு லீவு போட்டு வந்திருந்தேன். விமானத்தில் நிகழ்ச்சி நிரலைக் கொடுத்தார். ஆறு நாளில் சேவைக்கு ஒரு நாள். மீதி ஐந்தும் ஊர் சுற்றல்.

நாங்கள் மொத்தம் எட்டுப் பேர். எங்களை ஏற்றிக்கொள்ள வெளியே ஒரு வெள்ளை வேன் காத்திருந்தது. ஓட்டுநர் பரமு அண்ணன் ஐம்பதைத் தாண்டியவர். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு, எதற்கும் கலங்காத சிரிப்பு.

"வாங்க வாங்க, ஏறுங்க. ஜார்ஜ்டவுன் அரை மணி நேரம்தான் லா" என்றார்.

ஒன்றரை மணி நேரமானது. பாதி வழியில் பிரிய வேண்டிய இடத்தில் பிரியாமல், அவர் நேராகக் கடல் பாலத்தில் ஏறிவிட்டார். அந்தப் பாலத்தில் ஏறிவிட்டால் நடுவில் திரும்ப முடியாது. பினாங்குத் தீவை விட்டு எதிர்க்கரைக்குப் போய், டோல் கட்டி, சுற்றிக்கொண்டு மறுபடி தீவுக்கே வர வேண்டும். இரண்டு பக்கமும் கடல் பளபளத்தது. எனக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

"தாப்பா லா. பாலத்தையும் பாத்த மாதிரி ஆச்சுல்ல?" என்றார் பரமு அண்ணன். தாப்பா என்றால் பரவாயில்லை என்று அர்த்தமாம். அடுத்த சில நாட்களில் அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது.

கிருபாகரன் சார் பாலத்தை வீடியோ எடுத்தார்.

இரண்டாம் நாள் ஜார்ஜ்டவுன் வீதிகள். வெயில் என்றால் திருச்சி வெயில் இல்லை. திருச்சியில் காயப்போடும், இங்கே வேகவைக்கிறது. ஒரு சுவரில் ஓவியம் வரைந்து, அதற்கு முன்னால் நிஜ சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். அதில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்ள நாற்பது பேர் வரிசை. எங்கள் குழு அதில் நின்றது. முக்கால் மணி நேரம். எங்கள் முறை வந்தபோது மழை கொட்டியது. நனைந்துகொண்டே எடுத்தார்கள், பொன்னாடையோடு.

பக்கத்துச் சந்தில் செண்டோல் விற்றார்கள். தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, பச்சைப் புழுப் போல நெளியும் மாவுத் துண்டுகள், மேலே மலையாகச் சீவிய பனிக்கட்டி. இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். அன்று எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் அதுதான். மற்றவர்கள் வெளியில் எதையும் தொடமாட்டோம் என்று, ஊரிலிருந்து கொண்டுவந்த புளியோதரையை விடுதி அறையில் சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் புளியோதரைக்காக மூன்று முறை விடுதிக்குத் திரும்பினோம்.

மூன்றாம் நாள் ஆயர் ஈத்தாம். மலையடிவாரத்தில் சந்தையும் அடுக்கு வீடுகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற இடம். மலைமேல் பெரிய சீனக் கோயில். சந்தை ஓரத்தில் வேனைத் திருப்பும்போது, பக்கவாட்டுக் கண்ணாடி ஒரு கம்பத்தில் இடித்து மடங்கியது. பழ வண்டிக்காரச் சீனப் பாட்டி ஒருத்தி தன் மொழியில் நீளமாகத் திட்டினாள். மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. திரும்பும் வழியில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் பாதித் தூரம் போய் வேன் நின்றது. எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் கையை ஓங்கிக் காட்டிவிட்டுப் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, கண்ணைத் திறந்துவச்சு ஓட்டுங்க!" என்று கத்திவிட்டேன்.

பரமு அண்ணன் தலைக்கு மேலிருந்த வேன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "வெயிலு ரொம்ப மேடம். இந்த ஊரு வெயிலு அப்படித்தான்" என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தாப்பா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நான்காம் நாள் முகாம். எதிர்க்கரையில், நிபோங் திபால் என்ற ஊரைத் தாண்டி உள்ளே, எண்ணெய்ப்பனைகளுக்கு நடுவே ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளி. பள்ளிக்கு விடுமுறை. இதைத் தலைமையாசிரியை முன்பே எழுதியிருந்தாராம். கிருபாகரன் சார் அந்தக் கடிதத்தைப் படிக்கவில்லை.

"பிள்ளைங்க யாரும் இல்லீங்க. தமிழாளுங்களும் முக்காவாசி டவுனுக்குப் போயிட்டாங்க, ஃபேக்டரி வேலைக்கு. இப்ப தோட்டத்துல வேலை செய்யறது பங்களாதேஷ்காரங்க, இந்தோனேசியாக்காரங்கதான். அவங்களைப் பாப்பீங்களா?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

கிருபாகரன் சார் யோசித்தார். பதாகையில் 'தொப்புள்கொடி உறவுகளுக்கு' என்று அச்சடித்திருந்தது.

"கண்ணு எல்லாருக்கும் ஒண்ணுதான் சார், வரச் சொல்லுங்க" என்றேன். பதாகையைச் சுருட்டி மூலையில் வைத்தேன்.

நூறு பேர் போல வந்தார்கள். எனக்கு அவர்கள் மொழி தெரியாது, அவர்களுக்கு என் மொழி தெரியாது. அதனால் என்ன, கண் பார்க்க மொழி வேண்டியதில்லை. நான்கு திசைக்கும் திரும்பி நிற்கிற, E என்ற ஒற்றை ஆங்கில எழுத்து மட்டும் உள்ள அட்டை ஒன்று உண்டு. எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றனவோ அந்தப் பக்கம் விரலைக் காட்டினால் போதும். தலைமையாசிரியை அட்டைப் பக்கம் நின்று ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்ட, நான் லென்ஸ் மாற்ற, வேலை மளமளவென்று நடந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர், கிட்டத்தில் பார்க்கக் கொடுத்த கண்ணாடியைப் போட்டதும் என்னைப் பார்க்கவில்லை, தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு சைகையால் ஊசி கேட்டார். என் புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். கையில் ஏறியிருந்த பனைமுள்ளைத் தானே நிமிண்டி வெளியே எடுத்து, நுனி விரலில் வைத்து என்னிடம் காட்டினார். எத்தனை நாளாக அது அங்கே இருந்ததோ. தொண்ணூறு கண்ணாடியில் எண்பத்தொன்று தீர்ந்தது. கொண்டுவராத இருநூற்றுப் பத்தும் உறையூரில் கிருபாகரன் சார் வீட்டுக் கட்டில் மேல் கிடக்கின்றன என்ற நினைப்பு வேறு.

மூன்று மணிக்குக் கூட்டம் கரைந்தது. தலைமையாசிரியை தேநீர் கொண்டுவரப் போயிருந்தார். வாசலில் பரமு அண்ணன் நின்றிருந்தார். முகாமுக்குப் பொருள் எடுத்து வைத்ததெல்லாம் அவர்தான்.

"வாங்கண்ணே, உங்களையும் பாத்துடலாம்" என்றேன். முந்தின நாள் கத்தியதற்கு ஒரு சமாதானம் போல.

"எனக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம். லைசென்ஸ் செக்கப்புல பாஸ் பண்ணுனேன்லா, போன தடவ."

"சும்மா உக்காருங்க. ரெண்டு நிமிஷம்."

உட்கார்ந்தார். வலக் கண்ணை மூடச் சொன்னேன். அட்டையின் மேல் வரியில் பெரிய எழுத்து ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதை எந்தப் பக்கம் என்று காட்டச் சொன்னேன். விரலை வலது பக்கம் நீட்டினார். தவறு. அடுத்த கண். அதற்கு விரலே எழவில்லை.

சன்னல் கதவைச் சாத்திவிட்டு, ரெட்டினோஸ்கோப்பை எடுத்து ஒளியைக் கண்ணுக்குள் விட்டேன். நல்ல கண்ணாக இருந்தால் உள்ளிருந்து செம்மஞ்சளாக ஒரு வெளிச்சம் திரும்பி வரும். இங்கே விளிம்பில் மட்டும் கொஞ்சம் வந்தது. நடுவில், சரியாகப் பார்வை போகிற இடத்தில், கறுப்பாக ஒரு திட்டு. இரண்டு கண்ணிலும். இந்த வகைக் கண்புரை நிழலில் கொஞ்சம் தயவு காட்டும். வெயிலில் கண்மணி சுருங்கிவிட்டால் எல்லாம் ஒரே வெள்ளைப் படலம்.

நான்கு நாளாக இந்த மனிதர் ஓட்டிய வண்டியில் போகிறேன். பாலம், கம்பம், சிவப்பு விளக்கு. வெயில் என்று அவர் வாயாலேயே சொன்னார். உறையூரில் என் கடைக்குள் யாராவது நிலைப்படியில் இடித்துக்கொண்டு வந்தால் அந்த நொடியே கண்டுபிடித்துவிடுவேன். இங்கே எரிச்சல்படுவதிலேயே மும்முரமாக இருந்துவிட்டேன்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு அண்ணே?"

அவர் சன்னல் பக்கம் பார்த்தார். "ஒரு வருஷம் இருக்கும். கூடவும் இருக்கலாம்."

"சுகர் இருக்கா?"

"யாருக்குத்தான் இல்ல."

"அண்ணே, நீங்க வண்டி ஓட்டக் கூடாது. இன்னிக்கு மட்டுமில்ல, ஆபரேஷன் ஆகற வரைக்கும். ஆபரேஷன் பண்ணினா சரியாப் போற விஷயம்தான். ஆனா அதுவரைக்கும் தொடக் கூடாது."

அவர் எழுந்தார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க ரெண்டு நாள்ல பிளேன் ஏறிப் போயிருவீங்க. நான் இங்கதான் இருக்கணும். இதுதான் என் வேலை. சேவை செய்ய வந்தீங்களா, என் சோத்துல மண்ணள்ளிப் போட வந்தீங்களா?"

அதற்குள் கிருபாகரன் சார் வந்து நேரமாகிறது என்றார். ஆறு மணிக்கு விடுதியில் பாராட்டு விழாவாம், பன்னிரண்டு கேடயமும் அங்கே கொடுக்கப்பட வேண்டுமாம். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன மேடம், இன்னிக்கு ஒரு நாள்தானே? மெதுவா ஓட்டச் சொல்லுவோம்."

"சார், சாயங்கால நேரம். தீவுக்குப் போகும்போது பாலத்துல சூரியன் நேரா மூஞ்சியில அடிக்கும். அவருக்கு முன்னாடி லாரி இருந்தாலும் தெரியாது. நான் ஏறமாட்டேன். உங்க யாரையும் ஏறவும் விடமாட்டேன்."

"நிகழ்ச்சியைக் கெடுக்காதீங்க."

"கெடுத்துட்டுப் போறேன்."

இருபது வருஷத்தில் நான் ஒரு தலைவரை எதிர்த்துப் பேசியது அதுவே முதல் தடவை. சொல்லிவிட்டு வேனின் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். தலைமையாசிரியை தன் போனை எடுத்து, இரண்டு வாடகைக் கார்களுக்குச் சொன்னார்.

பரமு அண்ணன் வேனுக்குள் ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பினார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஏசி ஓட, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி, பத்து நிமிஷம் போல அப்படியே இருந்தார். யாரும் அருகில் போகவில்லை. பிறகு எஞ்சினை அணைத்து, இறங்கி வந்து, சாவியைத் தலைமையாசிரியையின் கையில் கொடுத்தார். என்னைத் தாண்டித்தான் போனார். என்னிடம் கொடுக்கவில்லை.

தலைமையாசிரியையின் கார் அவரை வீட்டில் விட்டது. கிளம்பும் முன், காரின் சன்னல் வழியாக நான் கேட்டேன், "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வருவீங்களா? நானும் கூட வர்றேன்."

அவர் நேராகப் பார்த்துக்கொண்டே, "எட்டு மணி. ஃபெரி ஜெட்டி" என்றார்.

ஐந்தாம் நாள் குழு மலை ரயிலில் பினாங்கு மலைக்குப் போனது. நான் படகுத்துறையில் நின்றேன். வரமாட்டார் என்று பாதி நம்பினேன். வந்தார், அதே இஸ்திரிச் சட்டையில்.

அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் உட்கார்ந்திருந்தோம், உட்கார்ந்திருந்தோம், உட்கார்ந்துகொண்டே இருந்தோம். திருச்சி பெரியாஸ்பத்திரியை விட வெளிச்சமும் ஏசியும் அதிகம். எண் அழைக்கப்படும் வேகம் அதேதான். பத்து மணிக்குப் பரமு அண்ணன் எழுந்து போய் இரண்டு பிளாஸ்டிக் பையில் தேநீர் வாங்கி வந்தார். பையின் வாயை நூலால் கட்டி ஒரு உறிஞ்சுகுழல் செருகியிருந்தது. ஒன்றை என்னிடம் நீட்டினார். அதைக் கீழே வைக்கவும் முடியாமல், ஒரே மூச்சில் குடிக்கவும் முடியாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"இப்படி மாட்டலாம் மேடம்" என்றார். இருக்கைக் கைப்பிடியில் நூலை மாட்டிக் காட்டினார். முந்தின நாளுக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

மருத்துவர் ஓர் இளம் சீனப் பெண். மருந்து விட்டு, பார்த்து, நான் சொன்னதையே சொன்னார். இரண்டு கண்ணிலும் புரை. சர்க்கரை ஏகத்துக்கும் ஏறிக் கிடக்கிறது, அதை இறக்கினால்தான் அறுவைச் சிகிச்சை. முதல் கண் சில மாதத்தில், பிறகு அடுத்தது. வண்டியைத் தொடக் கூடாது. அவர் மலாயில் சொல்ல, பரமு அண்ணன் எனக்குத் தமிழில் சொன்னார். தொடக் கூடாது என்பதையும் விடாமல் சொன்னார்.

வெளியே வந்தால் உச்சி வெயில். மருந்து விட்ட கண்ணுக்கு அது நெருப்பு. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். என் குடையை அவர் முகத்துக்குச் சாய்த்துப் பிடித்தேன். வாடகைக் கார் வேண்டாம், பாதி வழி பஸ்ஸில் போய், சாப்பாட்டுக் கடைக்கு நடக்கலாம் என்றார்.

அப்படித்தான் நான் ஜார்ஜ்டவுனைப் பார்த்தேன். கண் மூடிய மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு.

"இப்ப வலது பக்கம் பெரிய தூண் வச்ச கட்டடம் வருதா? அந்தக் காலத்து பேங்கு. அடுத்த முக்குல திரும்புங்க. பூ வாசம் வருதுல்ல, லிட்டில் இந்தியா. அந்தப் பழைய நீளக் கட்டடம், உள்ள இருட்டா இருக்கும் பாருங்க, அது செட்டியாருங்க கிட்டங்கி. தரையில உக்காந்து வட்டிக் கணக்குப் பாத்த எடம். கீழ பாத்து வாங்க, இங்க சாக்கடை மூடி ஒண்ணு ஆடும்."

ஆடியது. காலை எட்டி வைத்தேன். மூன்று நாள் வேனில் வரும்போது இவர் இதில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்ல எங்கே முடியும்? சாலையைக் கண்டுபிடிக்கவே சரியாக இருந்திருக்கும்.

நாசி கண்டார் கடையில், சோற்றின் மேல் நான்கு குழம்பைக் கலந்து ஊற்றினார்கள். அவருக்குச் சோற்றைக் குறைக்கச் சொன்னேன். முறைத்தார், குறைத்துக்கொண்டார். அப்போது கிருபாகரன் சார் போன் செய்தார்.

"மேடம், மலை மேல ஒரே மேகம். எதிர்ல நிக்கிற ஆளே தெரியல. ஒரு போட்டோ கூட எடுக்க முடியல. சரி, சாயங்காலம் விழா இருக்கு, நீங்க வந்துடுவீங்கல்ல?" முந்தின நாள் நடக்காத விழாவை இன்றைக்கு மாற்றியிருந்தார்.

"வரமாட்டேன் சார்" என்று வைத்தேன்.

பரமு அண்ணன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தபடியே, "ஒரு ஒதவி மேடம். என் சம்சாரத்துக்கிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றார். "எனக்கு வாய் வராது. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

படகில் கடலைக் கடந்து, பஸ் பிடித்து, புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் வாசலில் போய் நின்றோம். மூன்று மணி ஷிப்டு விடுகிற நேரம். நீலச் சட்டை போட்ட பெண்கள் கூட்டமாக வந்தார்கள். வழி நெடுக நான் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டே வந்திருந்தேன். பயப்பட ஒன்றுமில்லை என்று தொடங்கலாம். ஆபரேஷன் சின்னதுதான் என்று சொல்லலாம். வேலை போவதை எப்படிச் சொல்வது என்பது மட்டும் பிடிபடவில்லை.

அவர் மனைவி மல்லிகா அக்கா குள்ளமாக, வேகமாக வந்தார். கணவரையும் பக்கத்தில் நிற்கும் என்னையும் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னா ஆச்சு? வண்டி எங்க?"

நான் சொன்னேன். தயார் செய்த வாக்கியம் எதுவும் வரவில்லை. கண்ணில் புரை, சில மாதம் ஓட்டக் கூடாது, சரியாகிவிடும் என்று மூன்று துண்டாகச் சொல்லி முடித்தேன். முடித்துவிட்டு, அழுவாரோ, திட்டுவாரோ என்று காத்திருந்தேன்.

அவர் கணவரைத்தான் பார்த்தார்.

"டாக்டரே சொல்லிட்டாங்களா?"

பரமு அண்ணன் தலையாட்டினார்.

மல்லிகா அக்கா கையிலிருந்த சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்தார். அப்படியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "அம்மாடி" என்றார். மூச்சு நீளமாக வெளியே வந்தது.

"ஒரு வருஷமா, சண்டே எல்லாம், மத்த நாளு டூருக்கு லீவு போட்டும், பக்கத்து சீட்டுல நான்தான் உக்காந்துகிட்டு வர்றேன். செவப்பு லைட்டு, லெஃப்ட்ல லோரி, இங்க திரும்பு, இங்க திரும்பாத... வாய் ஓயாம சொல்லிக்கிட்டே வரணும். டூரிஸ்டுங்களுக்கு நான் சும்மா ஊரு பாக்க வந்திருக்கேன்னு நெனப்பு. இந்த வாரம் எனக்கு லீவு கெடைக்கல. நாலு நாளா இங்க மெஷின்ல கை ஓடல எனக்கு."

பரமு அண்ணன் வாயைத் திறந்தார். "உனக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவே இல்லியே."

"நீ சொல்லித்தான் தெரியணுமா? சும்மா தொணதொணன்னு பேசிக்கிட்டு வர்றேன்னு நெனச்சியா?" என்றவர், என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் சிரித்தது. "இனிமே சண்டேல நான் வீட்ல நீட்டிப் படுத்துத் தூங்குவேன் லா, அக்கா."

அவர் எழுந்து பையை எடுத்துக்கொண்டார். பஸ் நிறுத்தம் வரைக்கும் கணவரைத் திட்டிக்கொண்டே நடந்தார். சர்க்கரைக்கு ஒரு திட்டு, ஒளித்ததற்கு ஒரு திட்டு, நாலு நாள் தனியாக ஓட்டியதற்கு ஒரு திட்டு. திட்டும்போது ஒரு கை அவர் முழங்கையை விடாமல் பிடித்திருந்தது. நான் இரண்டடி பின்னால், குடையைச் சுருட்டிக்கொண்டு நடந்தேன். ஐந்து நாளில் முதல் தடவையாக எனக்கு எந்த அவசரமும் இல்லை.